கேட்கும் முன்பே ஊதிக் காட்டியவர்

ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கதவைத் திறக்கிறீர்கள். அவர் வணக்கம் சொல்லவில்லை, வந்த காரியத்தையும் சொல்லவில்லை. வாயை அகலத் திறந்து, உங்கள் மூக்குக்கு நேராக 'ஹா' என்று ஒரு மூச்சு ஊதுகிறார். என்ன செய்வீர்கள்?

நான் திருப்பி ஊதினேன்.

பயந்துவிட்டால் எனக்கு மூளை நின்றுபோய் வாய் மட்டும் வேலை செய்யும். பிறவி அப்படி. வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே அஸ்ஸாம் பக்கத்து மலைக்காரர் என்று தெரிந்தது. நாம் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி அவங்க ஊர்ல ஊதுவாங்க போலிருக்கு என்று அந்த ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? காலையில் தின்ற பூண்டுச் சட்னியோடு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நானும் 'ஹா' என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன். பூண்டு என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ரெண்டு பேரும் வாயைப் பொளந்துகினு நிக்கிறீங்க? பல் டாக்டரா வந்துகீறாரு?"

"சும்மா இரு. அவங்க ஊர் வணக்கம்டி இது."

அவள் மரியாதை தெரிந்தவள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முகத்தை லேசாகத் திருப்பி, வாயைப் பாதி மூடிக்கொண்டு, பெண்களுக்கென்று ஒரு தனி முறை இருக்கும் என்கிற நினைப்பில், மெதுவாக 'ஹ' என்றாள்.

வாடகைக்கு ரூம் கேட்டு வந்திருந்தார். வல்லம் வடகாலில் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மிஞ்சிய மனையில் மேலும் கீழுமாக ரூம்கள் கட்டி கம்பெனி ஆட்களுக்கு விட்டிருந்தோம். அவர் வேலை பார்த்தது நான் ஸ்டோர்ஸில் இருந்த அதே கம்பெனியில்தான். கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. நான் ஸ்டாஃப், அவர் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வந்து பல வருஷமாகியிருந்ததால் தமிழ் நன்றாகவே வரும், அதுவும் நம்ம ஊர்த் தமிழ். 'இன்னா', 'வூடு', எல்லாம் என்னைவிடச் சுத்தம்.

ஆக, காலையில் அவர் மாடியிலிருந்து இறங்கி வருவார், 'ஹா'. நானும் 'ஹா'. என் மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு 'ஹ'. பால்காரர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் குடும்பமே ஏதோ சாமியாரிடம் மூச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏன் தம்பி, உங்க ஊர்ல பெரியவங்களுக்கும் இப்படித்தான் ஊதுவீங்களா? இல்ல, அவங்களுக்குன்னு வேற மாதிரியா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல யாரும் ஊத மாட்டாங்க அண்ணா."

"அப்புறம் நீங்க ஊதுறது?"

"குடிக்கலன்னு காட்டறதுக்கு."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. கேக்கறதுக்கு முன்னாடி காட்டிட்டா நல்லது."

என் டம்ளரையும் கீழே வைத்தேன். அவர்தான் தொடர்ந்தார்.

"நீங்க ஊதினப்ப நான் இன்னா நினைச்சேன் தெரியுமா? வூட்டு ஓனரே தான் குடிக்கலன்னு எனக்குக் காட்றாரு, எவ்ளோ மரியாதையான ஆளுன்னு நினைச்சேன். அண்ணியும் காட்டினாங்க. அதான் இந்த ரூமையே எடுத்தேன்."

அவருக்குக் குடிப்பழக்கமே இல்லையா என்றால், ஊரில் இருந்திருக்கிறது. அரிசியில் வீட்டிலேயே காய்ச்சுகிற ஒன்று, பண்டிகைக்குப் பண்டிகை. இங்கே வந்ததும் விட்டுவிட்டார். நல்ல புத்தி வந்து இல்லை, தைரியம் இல்லாமல்.

*

எதையும் கேட்கும் முன்பே காட்டிவிடுவது, சொல்லிவிடுவது. அவரை நினைத்தால் முதலில் வருவது இதுதான்.

கடைக்குப் போனால் எடுத்த சாமானை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார், கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும்படி. பையின் ஜிப்பை மூடவே மாட்டார். "மூடினா தொறன்னு சொல்வாங்க. தொறந்தே இருந்தா சொல்ல மாட்டாங்க இல்ல?" ஆதார் அட்டை லாமினேட் செய்து கழுத்தில் தொங்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும். எந்த ஊர் என்று யாராவது வாயெடுப்பதற்குள் "இந்தியாதான் அண்ணா, அஸ்ஸாம்" என்று முடித்துவிடுவார். கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டில் மூலையில் உட்காருவார். ஏன் என்றால், "பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போனா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. அவங்களுக்குச் சங்கடம்" என்பார். கவனியுங்கள், அவங்களுக்கு.

அம்மாவோடு போனில் பேச மொட்டை மாடிக்குப் போவார். தண்ணித் தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டிக்கு ரகசியம் சொல்கிற மாதிரி பேசுவார். சொந்த பாஷை சத்தமாக வெளியே வந்துவிடக் கூடாது.

மழை வந்தால் ஊரே ஓடும். அவர் மட்டும் நிதானமாக நடந்து வருவார், மாப்பிள்ளை ஊர்வலம் போல. "ஓடி வரக் கூடாதா தம்பி, தொப்பலா நனைஞ்சிட்டீங்களே" என்று என் மனைவி அங்கலாய்த்தால், "நான் ஓடினா துரத்துவாங்க அண்ணி. நனைஞ்சா காஞ்சிடும்" என்பார்.

பேசும்போது இடது பக்கக் காதைத் திருப்பிக் கொடுப்பார். வலது காது கேட்காது. முன்பு குன்றத்தூர்ப் பக்கம் தங்கியிருந்தபோது ஒரு சாயங்காலம் கடும் ஜுரத்தோடு வேலையிலிருந்து திரும்பியிருக்கிறார். நடை தள்ளாடியிருக்கிறது. குடித்துவிட்டு வந்து பெண்களைப் பார்க்கிறான் என்று நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். அடித்தவர்களில் ஒருவர் கையில் செருப்பு இருந்தது. இதை அவர் என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே, அதைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"அதுலயும் ஒரு நல்லது அண்ணா. ஜுரத்துக்கு ஆஸ்பத்திரி போக லீவு குடுக்கல. காதுக்குன்னு போனப்ப ஜுரத்துக்கும் சேர்த்து மாத்திரை குடுத்துட்டாங்க."

நான் ஜோக்கடித்துப் பிழைப்பு நடத்துகிறவன். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எண்ணுகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? யார் எதைச் சொன்னாலும் ஒரு பதில் என்னிடம் தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை.

*

இந்த இடத்தில் என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எனக்கு அதுவரை ஒரு டஜன் மாரடைப்பு வந்திருந்தது. ஒன்றுகூட நிஜமில்லை. ஏப்பம் தொண்டையில் நின்றால் மாரடைப்பு. இடது கை மரத்துப் போனால், அதன் மேல் தலை வைத்துப் படுத்திருந்தாலும், மாரடைப்பு. சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் இருக்கும். வீட்டில் பிளட் பிரஷர் பார்க்கும் மெஷின் உண்டு. "அந்த மெஷினுக்குத்தான் முதல்ல பிரஷர் வரும், பாவம்" என்பாள் என் மனைவி.

என் பயத்தை மதித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயம் வந்தா வலியும் நிஜம்தான் அண்ணா" என்பார். அவருக்கு அது தெரியும். நாங்கள் இரண்டு பேருமே பயந்த சுபாவக்காரர்கள். ஒரே ஒரு வித்தியாசம். நான் பயப்படுகிற எதுவும் எனக்கு நடந்ததில்லை. அவர் பயப்படுகிற எல்லாமே அவருக்கு ஒரு தடவையாவது நடந்திருந்தது.

ஒருநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவரை நிறுத்தி, விளையாட்டாக அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். மேலே நூற்றி எண்பதைத் தாண்டிக் காட்டியது. எனக்கு வேர்த்தது பாருங்கள், செம்பரம்பாக்கம் ஏரியில் மதகைத் திறந்த மாதிரி. மெஷின் கெட்டுவிட்டது! இத்தனை நாள் நான் இதை நம்பித்தானே உயிரோடு இருக்கிறேன்! அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தன் கையில் கட்டிப் பார்த்தார், என் கையில் கட்டிப் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் சார் கீது. ஆளைப் போய்ப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிவிட்டு வந்தவருக்கு மறுபடி பார்த்தேன். எவ்வளவோ குறைந்திருந்தது. திங்கட்கிழமை காலை மறுபடி ஏறிவிட்டது. உப்பா, ஊறுகாயா, தூக்கமில்லையா என்று என் மருத்துவ அறிவு முழுவதையும் இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றால், "மெடிக்கல்ல பிரஷர்னு தெரிஞ்சா அன்ஃபிட்னு எழுதி வெளிய அனுப்பிடுவாங்க அண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

விடை, என் பைக் பஞ்சரான அன்றைக்குக் கிடைத்தது.

ஸ்டாஃபுக்கு ஒரு கேட், காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பின்பக்கம் ஒரு கேட். அவ்வளவு வருஷத்தில் நான் பின்பக்க கேட்டை எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவரோடு ஷேர் ஆட்டோவில் வந்து, அவரோடேயே வரிசையில் நின்றேன். குடித்துவிட்டு மெஷினில் கை வைத்துவிடக் கூடாது என்று வாயால் ஊதிப் பார்க்கிற கருவி ஒன்று செக்யூரிட்டியிடம் இருக்கும். எல்லோரையும் பார்க்க நேரமிருக்காது, நடுவில் யாரையாவது கூப்பிட்டு ஊதச் சொல்வார்கள். முன்னால் நின்ற நம்ம பக்கத்துப் பையன்கள் கார்டைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். இவர் முறை வந்தது. செக்யூரிட்டி சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தார்.

"வந்துட்டான்டா சைனா. உனக்கெல்லாம் மெஷின் வேஸ்டு. என் மூஞ்சில ஊது."

ஊதினார்.

செக்யூரிட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டான். "ஐயய்ய! நேத்து இன்னாடா துன்ன? நாயா, பூனையா? இன்னொரு வாட்டி ஊது, கண்டுபிடிக்கறேன்."

மறுபடி ஊதினார். வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் தினமும் அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். நல்ல சுபாவம், எப்பவும் சிரித்த முகம் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். பக்கவாட்டில் நின்றதால் அன்றைக்கு அவர் கழுத்து தெரிந்தது. தோலுக்கு அடியில் ஒரு நரம்பு, பிடித்து வைத்த பல்லி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா... மெஷின் கீது இல்ல..." என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சார், நீங்க ஸ்டாஃப் ஆச்சே! இந்தப் பக்கம் எங்க? நீங்க உள்ள போங்க சார்."

"என்னையும் ஊதச் சொல்லு. ஊதுறேன்."

வாயைத் திறந்து காட்டினேன். செக்யூரிட்டி விழுந்து விழுந்து சிரித்தான். "சார் எப்பவும் காமெடிதான்!" வரிசை இன்னும் பலமாகச் சிரித்தது. வாழ்நாள் முழுக்க ஜோக்கடித்தவன் ஒருநாள் நிஜமாகக் கோபப்பட்டால் இதுதான் கதி. டிக்கெட் வாங்காமல் பார்க்கிறார்கள்.

நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். உட்கார்ந்திருந்தவர் என் அக்கா மகன் வயசு.

"அது ரேண்டம் செக் சார். யாரை வேணும்னாலும் கூப்பிடுவாங்க."

"தினமும் அவரையேவா?"

"அதான் சார் ரேண்டம். யார் வருவாங்கன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

"நான் சொல்றேனே. நாளைக்கும் அவர்தான்."

"பார்க்கறேன் சார்" என்றார். பார்த்தார் போலிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மாடித் தம்பி என் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணா, எனக்காகப் பேசினீங்களா? பேசாதீங்க அண்ணா. இன்னிக்கு வேலை முடிஞ்சி வெளிய போறப்பவும் ஊதச் சொன்னாங்க."

*

அந்தச் சனிக்கிழமை மதியம் எனக்குப் பதிமூன்றாவது மாரடைப்பு வந்தது. கல்யாண வீட்டு பிரியாணி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தேன்.

"ஏப்பம் விடுங்க, சரியாப் பூடும்" என்றாள் மனைவி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாடியிலிருந்து அவர்தான் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பைக் சாவியை எடுத்தார், என்னைப் பின்னால் உட்கார வைத்தார், ஒரகடம் கூட்டுரோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அவர் முதுகில் சாய்ந்திருந்தேன். சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. எனக்காக இப்படி வேர்க்கிறாரே என்று எனக்கே கண்ணீர் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி என்னைத் தாங்கியது. "நெஞ்சு வலி" என்று சொன்னதுதான் தாமதம், தள்ளுவண்டி வந்தது, நர்ஸ் வந்தார், சட்டையைக் கழற்றினார்கள், நெஞ்சு முழுக்க உறிஞ்சு குமிழ்களை ஒட்டி ஈசிஜி எடுக்க ஆரம்பித்தார்கள். மாமியார் வீட்டில்கூட இப்படி ஒரு வரவேற்பு எனக்குக் கிடைத்ததில்லை. திரைச்சீலை கொஞ்சம் விலகியிருந்தது. வெளியே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

அங்கேயும் ஒரு செக்யூரிட்டி.

"யோவ், எழுந்திரு. குடிச்சிட்டு இங்க வந்து சாயாத. ஏய், உன்னைத்தான், சைனா!"

அவர் தலையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். ஊதிக் காட்டப் பார்த்தார். மூச்சு வரவில்லை. கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஊதுவதற்கு மூச்சில்லை. ஆனாலும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தார். நீங்களே வந்து மோந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

எனக்கு எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, கட்டிலிலிருந்து குதித்தேன். குமிழ்கள் ஒவ்வொன்றாகப் 'பொளக்... பொளக்' என்று பிய்ந்தன. இரண்டு ஒயர் மட்டும் விடாமல் பின்னாலேயே வந்தன. சட்டையில்லாமல், தொப்பை குலுங்க, நடு ஹாலில் நின்று கத்தினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல! காஸ்! பிரியாணி! அவரைப் பாருங்க! அவருக்குத்தான்!"

"சார், உங்களுக்கு ஈசிஜி ஓடிக்கிட்டிருக்கு, படுங்க" என்றார் நர்ஸ்.

"என்னுது எப்பவும் ஓடும்மா! அவரைப் பாரும்மா!"

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். சின்னப் பெண்தான். தரையில் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முகம் மாறியது. ஸ்ட்ரெச்சர் என்று ஒரு சத்தம்.

"மேடம், அவன் குடிச்சிருக்கான்" என்றான் செக்யூரிட்டி.

"குடிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"முகத்தப் பார்த்தாலே தெரியுதே மேடம்."

என் கட்டில் காலியாக, சூடாக இருந்தது. அதில் அவரைப் படுக்க வைத்தார்கள். அதே ஒயர்கள். என்னிடம் எப்போதும் அழகாக ஓடுகிற கோடு, அவரிடம் தாறுமாறாக ஓடியது. மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடவே போனேன். வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். அதை எனக்குச் சொன்னேனா, அவருக்குச் சொன்னேனா தெரியாது. என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மாத்திரை, சட்டையோடு ஒரகடத்திலேயே கிடந்தது.

பிழைத்துக்கொண்டார். ரத்தக் குழாயில் ஸ்பிரிங் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். ஐ.சி.யூ.வில் என்னைப் பார்க்க விட்டபோது தெளிவாகப் பேசினார்.

"எப்பலருந்து தம்பி வலி?"

"காலையிலருந்து."

"காலையிலருந்தா! ஏன் சொல்லல? ஏன் தனியா ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"நான் போனா வாசல்லயே குடிச்சிருக்கேன்னு சொல்வாங்க. எப்டிப் போறதுன்னு யோசிச்சிகினு படுத்திருந்தேன். அப்ப உங்களுக்கு வலி வந்துது." கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க கூட இருந்தா வாசல்ல விட்டுடுவாங்க. உங்களைப் பார்த்து முடிச்ச அப்பறம், மெதுவா என்னையும் பாருங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

என் ஏப்பத்தில் தொற்றிக்கொண்டு ஒரு மனிதர் தன் மாரடைப்புக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வாயிலிருந்து வருவதால் ஜோக் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெரிய டாக்டர் வந்தார். பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

"வேற டென்ஷன் ஏதாவது?"

"இல்ல சார்."

"இருக்கு டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "கேட் இருக்கு! தினமும் ஊதச் சொல்றாங்க! மூஞ்சில ஊதச் சொல்றாங்க!"

"இவர் யாரு? இவருக்கு முதல்ல பிரஷர் பாருங்க" என்றார் டாக்டர். ஆனால் நல்லவர். உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். குன்றத்தூரையும் கேட்டார், கேட்டையும் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"ஒரு ஆள் வருஷக் கணக்கா நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா இதயம் என்ன ஆகும்? அதேதான் இதுவும். வெளியில பார்த்தா சும்மா உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும்."

"அவர் ஓடவே மாட்டார் டாக்டர். மழையிலகூட."

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வார்டுக்கு மாற்றி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்ன அன்றைக்கு அவர் டாக்டரிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "சார், இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டுமா? இங்க நல்லா தூக்கம் வருது. யாரும் எதுவும் கேக்கறதில்ல." டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார். ஜோக் எது, ஜோக் இல்லாதது எது என்று எனக்குத் தெரியும். அது என் துறை. நான் சிரிக்கவில்லை.

*

பிறகு அவர் ஊருக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்குப் போன் வரும், மாத்திரை சாப்பிடுகிறேன் என்பார். அதற்கு முன்னால் நடந்த ஒரு மதியத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஓய்வுக்காக எங்கள் வீட்டிலேயே கீழ் ரூமுக்கு அவரை இறக்கியிருந்தோம். என் மனைவி உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தாள். அவர் ஸ்பூனால் கிண்டிக்கொண்டிருந்தார். அப்போது ஹெச்.ஆரிடமிருந்து போன். கேட்கிற காதில் பிடிக்கக் கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார்.

"உடம்பு எப்படி இருக்கு? நல்லது. உங்களுக்காகப் பேசி லைட் டூட்டி வாங்கியிருக்கேன். பிரஸ் ஷாப் வேணாம், வெயிட் தூக்க வேணாம். கேட்ல சேர் போட்டுத் தரோம். ஊதற மெஷினைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தாப் போதும். திங்கட்கிழமை வந்துடுங்க."

கையிலிருந்த ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு அவர் சிரித்தார்.

எத்தனையோ ஜோக் சொல்லியிருக்கிறேன் அவருக்கு. நான் முடிப்பதற்கு முன்பே மரியாதைக்குச் சிரித்துவிடுவார். இது அந்தச் சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியாமல் சிரித்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்பிரிங் எகிறிவிடும்! பிரஷர் மெஷினை எடுத்து அவர் கையில் பட்டையைச் சுற்றப் போனேன். என் கையை விலக்கிவிட்டார்.

"ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வரல சார்."

"ஏன்?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஹலோ, ஏன் வரல? என்ன பிராப்ளம்? ஈஸியான வேலைதானே? காரணம் சொல்லுங்க, நான் மேல பேசணும் இல்ல? வேற கம்பெனியில சேர்ந்துட்டீங்களா? ஊருக்குப் போறீங்களா? ஏன்னு கேக்கறேன் இல்ல?"

அவர் ஸ்பூனை எடுத்தார். ஒரு வாய் கஞ்சி குடித்தார். நிதானமாக, சூடு பார்த்து. போன் நடுவில் கிடந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. கேள்வி ஒன்று பதில் இல்லாமல் அந்தரத்தில் தொங்கினால் எனக்கு நெஞ்சை அடைத்துவிடும். உடம்பு சரியில்ல சார், டாக்டர் வேணாம்னு சொல்லிட்டார் சார், அம்மாவுக்கு முடியல சார், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று போன் பக்கம் குனிந்து வாயைத் திறந்தேன்.

என் மனைவி என் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஏன்?" என்றது போன்.

அவர் இன்னொரு வாய் குடித்தார்.